எண்ணுக்கு எத்தனை பங்காளி?

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கணக்கு. இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர் முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. "சாமியைப் பற்றிப் பேசு, சாதியைப் பற்றிப் பேசு, விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறோம், வாத்தியார் வேலையை இங்கே ஏன் கொண்டுவந்தாய்?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயந்தான். ஆனால் நம் ஜனங்களை மந்திரம் சொல்லி ஏமாற்றியவர்களைவிடக் கணக்குச் சொல்லி ஏமாற்றியவர்கள் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். மந்திரம் புரியவில்லை என்றால் அது நமக்கே தெரியும். கணக்கிலோ புரிந்ததாக நினைத்துக்கொண்டே ஏமாந்து போகிறோம்.

நம்முடைய சொந்தச் சங்கதி ஒன்றையே முதலில் சொல்லிவிடுகிறோம். நம் தகப்பனாரும் அவருடைய தம்பிமார் இருவரும் ஒரு ஏக்கர் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒரு ஏக்கர் என்றால் 100 சென்ட். ஊரில் கணக்குத் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய ஒரு பெரிய மனுஷரை அழைத்து வந்தார்கள். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, 33, 33, 33 என்று எழுதினார். மொத்தம் 99. ஒரு சென்ட் மிஞ்சிற்று. "நூற்றை மூன்று பங்கு வைக்க யாராலும் ஆகாது. மிஞ்சினது சாமிக்கு என்பது விதி" என்று சொல்லிவிட்டார். மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறு வருஷம் அந்த ஒரு சென்டில் ஒரு கல் நட்டார்கள். அதற்கடுத்த வருஷம் கல்லைச் சுற்றி வேலி வந்தது. அப்புறம் சாமிக்குக் காவல் என்று ஒரு கொட்டகை வந்தது. கொட்டகையில் குடியேறியவர் யார் தெரியுமா? பாகம் பிரித்த பெரிய மனுஷருடைய மருமகன்!

தோழர்களே! அந்த ஒரு சென்ட் சாமிக்கு எங்கிருந்து வந்தது? ஆகாயத்திலிருந்து விழவில்லை. 100 என்னும் எண்ணுக்குள் 3 இல்லை என்கிற ஒரே காரணத்தால் வந்தது. ஒரு எண்ணுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்கத் தெரியாத இடத்திலெல்லாம் இப்படி ஒரு சாமி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அதைப் பார்க்கும் வழியைத்தான் இன்று பேசப்போகிறோம். இதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நமக்கே விளங்கிய சங்கதி உங்களுக்கு விளங்காமல் போகாது.

மிச்சமில்லாமல் ஒரு எண்ணை வகுக்கிற எண்ணைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் "காரணி" என்கிறார்கள். நாம் பங்காளி என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாயை 2 பேருக்குப் பங்கிடலாம், 4 பேருக்கு, 5 பேருக்கு, 10 பேருக்குப் பங்கிடலாம். ஆகவே இவையெல்லாம் 100-க்குப் பங்காளிகள். 3 பங்காளி அல்ல.

இனி, கல்யாண வீட்டுக்கு வாருங்கள். நம் பக்கத்தில் மொய் எழுதும்போது 100 என்று எழுதுகிறோமா? 101 என்றுதான் எழுதுகிறோம். 500 வைக்க நினைத்தவர் 501 வைக்கிறார். சைபரில் முடிந்தால் ஆகாது, ஒன்று சேர்ந்தால் விருத்தி என்கிறார்கள். ஒரு ரூபாய் அதிகம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "விருத்தி" என்றீர்களே, அதை மட்டும் பரீட்சித்துப் பார்ப்போம். 100-க்கு 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என்று 9 பங்காளிகள். 101-க்கு எத்தனை? 1 ஒன்று, 101 ஒன்று, ஆக இரண்டே இரண்டு. நூறு ரூபாயை எத்தனையோ விதமாகப் பங்கிடலாம். அதில் ஒரு "சுப" ரூபாயைச் சேர்த்தவுடன் ஒருத்தனே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 101 பேரைத் தேட வேண்டும்!

101 மாதிரி, தன்னையும் 1-ஐயும் தவிர வேறு பங்காளி இல்லாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் பகா எண்கள். பங்காளி இல்லையே என்பதால் இவற்றைத் தாழ்ந்த எண்கள் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். செங்கல் இல்லாமல் வீடு இல்லை என்பது போலப் பகா எண் இல்லாமல் மற்ற எந்த எண்ணும் இல்லை. 1-க்கு மேற்பட்ட எந்த எண்ணை எடுத்து உடைத்தாலும் கடைசியில் பகா எண்கள்தான் கையில் நிற்கும். 108-ஐ ஒருவர் 9 × 12 என்று உடைக்கட்டும், இன்னொருவர் 4 × 27 என்று உடைக்கட்டும், மூன்றாமவர் 2 × 54 என்று ஆரம்பிக்கட்டும். மேலும் மேலும் உடைத்துக்கொண்டே போனால் மூன்று பேரிடமும் மிஞ்சுவது இரண்டு 2-ம் மூன்று 3-ம்தான். உடைத்த கை எந்தச் சாதிக் கை, எந்த நாட்டுக் கை என்று எண் பார்ப்பதில்லை. இந்த விஷயத்துக்கு அடிப்படை போட்டவர் கிரேக்க மொழியில் எழுதிய யூக்ளிடு, ஏறக்குறைய 2,300 வருஷங்களுக்கு முன். ஒளிவு மறைவில்லாமல் முழுவதும் நிரூபித்துப் புத்தகத்தில் அச்சிட்டவர் ஜெர்மனி தேசத்துக் காஸ், 1801-இல்.

இப்போது பங்காளிகளை எண்ணும் வழியைக் கேளுங்கள். உங்கள் இலையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் இருக்கின்றன. எத்தனை விதமாகச் சாப்பிடலாம்? இட்லியில் ஒன்றும் தொடாமல் இருக்கலாம், ஒன்று தின்னலாம், இரண்டும் தின்னலாம். ஆக 3 வழி. வடையைத் தொடாமல் இருக்கலாம், தின்னலாம். ஆக 2 வழி. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் 6 விதம். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது!

12 என்னும் எண்ணை உடைத்தால் இரண்டு 2, ஒரு 3. இட்லிக்குப் பதில் 2, வடைக்குப் பதில் 3. இவற்றிலிருந்து எதை எடுத்துப் பெருக்கினாலும் அது 12-இன் பங்காளி. ஒன்றும் எடுக்காவிட்டால் 1. ஒரு 2 எடுத்தால் 2. இரண்டு எடுத்தால் 4. 3-ஐ மட்டும் எடுத்தால் 3. அதோடு ஒரு 2 சேர்த்தால் 6. எல்லாவற்றையும் எடுத்தால் 12. ஆறு பங்காளிகள். ஒன்றும் விட்டுப்போகவில்லை, ஒன்றும் இரண்டு தரம் வரவில்லை.

ஆகவே விதி இதுதான்: எண்ணைப் பகா எண்களாக உடையுங்கள், ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை தரம் வருகிறதென்று பாருங்கள், அந்தத் தரத்தோடு ஒன்று கூட்டுங்கள், கூட்டி வந்தவற்றையெல்லாம் பெருக்குங்கள். "ஒன்று ஏன் கூட்ட வேண்டும்?" என்று கேட்கிறவர்தான் நமக்குத் தோழர். எடுக்காமல் இருப்பதும் ஒரு வழி என்பதற்காகத்தான் அந்த ஒன்று. இதற்கும் மொய்யில் சேர்க்கிற ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடிகிறது; அந்த ஒன்றுக்குச் சொல்ல முடிவதில்லை.

சரி பார்ப்போம். 100 என்பது இரண்டு 2, இரண்டு 5. ஒன்று கூட்டினால் 3, 3. பெருக்கினால் 9. முன்னே விரல் விட்டு எண்ணியதும் 9 தானே? 501 என்பது 3 × 167. இரண்டும் பகா எண்கள். ஆகவே 2 × 2 = 4 பங்காளிகள். 500-க்கோ இரண்டு 2, மூன்று 5; 3 × 4 = 12. இங்கேயும் "விருத்தி" மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது!

அடுத்தது, நம் மதுரைக்கே பேர் வாங்கிக் கொடுத்த ஆயிரங்கால் மண்டபம். ஆயிரம் கால் என்று பாட்டன் சொன்னான், பேரன் சொல்லுகிறான். எண்ணிப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருப்பது 985 தூண்கள். கட்டினவர்களைக் குறை சொல்ல வரவில்லை. கல்லில் அவர்கள் செய்த வேலை உலகம் வியக்கிற வேலை. கேட்டதும் எண்ணியதும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்லுகிறோம். 1000 என்பது மூன்று 2, மூன்று 5; 4 × 4 = 16 பங்காளிகள். 985 என்பது 5 × 197, பங்காளிகள் 4. 985 தூண்களைச் சரிசமமான பல வரிசைகளாக நிறுத்தச் சொன்னால் 5 அல்லது 197 வரிசைதான் போடலாம். இல்லாவிட்டால் தூணுக்கு ஒரு வரிசை. பெயரில் 15 கூடிவிட்டதால் 4 பங்காளி 16 ஆகிவிட்டது!

197 பகா எண் என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறாலும் வகுத்துப் பாருங்கள், ஒன்றும் போகாது. அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம். ஏனென்றால் பங்காளிகள் எப்போதும் ஜோடியாக வருவார்கள். ஜோடியில் ஒருவர் சிறியவர். அடுத்த பகா எண் 17. 17 × 17 என்பது 289, 197-ஐத் தாண்டிவிட்டது. சிறியவர் இல்லாத வீட்டில் பெரியவர் எப்படி இருப்பார்?

இனி நம் முன்னோருடைய அளவுகளைப் பாருங்கள். பழைய வாய்பாட்டில் ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி. ஆகக் கலம் 96 நாழி. 96 என்பது ஐந்து 2, ஒரு 3, பங்காளிகள் 12. நாளுக்கு 60 நாழிகை. 60-க்கும் 12 பங்காளிகள். ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192 தம்பிடி, பங்காளிகள் 14. ஒரு ரூபாயை மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 5 அணா 4 தம்பிடி, மிச்சம் இல்லை. 1957 ஏப்ரல் முதல் ரூபாய்க்கு 100 காசு என்று வந்தது. எழுதவும் கூட்டவும் அது எவ்வளவோ சுலபம். ஆனால் மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 33 காசு போக ஒரு காசு மிஞ்சும். நம் சாமியின் ஒரு சென்ட் மாதிரியே!

பழையதெல்லாம் பூரணம் என்று பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பழைய கணக்கில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320 என்பது ஆறு 2, ஒரு 5. பங்காளிகள் 14 உண்டு, ஆனால் அவர்களில் 3 இல்லை. முந்திரியை மறுபடியும் 320 கூறு போட்டால் கீழ் முந்திரி. அதிலும் 2-ம் 5-ம்தான். 3 வரவே வராது. இது முன்னோர் முட்டாள்கள் என்பதால் அல்ல; எந்த அளவை எந்தக் காரியத்துக்கு எடுப்பது என்பதில் இருக்கிற விஷயம்.

இப்போது நம் தகப்பனாருடைய நிலத்துக்குத் திரும்புவோம். நாம் பெரியவனான பிறகு, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பொறி தட்டிற்று. ஒரு ஏக்கர் 100 சென்ட் என்பது ஓர் அளவு. அதே ஏக்கர் 43,560 சதுர அடி என்பது இன்னோர் அளவு. 43,560-ஐ உடைத்தால் மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, இரண்டு 11. ஒன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 × 3 = 72 பங்காளிகள்! அவர்களில் 3 கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆளுக்கு 14,520 சதுர அடி. ஓர் அடிகூட மிச்சம் இல்லை. சாமிக்கும் இல்லை, சாமியின் மருமகனுக்கும் இல்லை. நிலம் அதேதான், மனிதர்கள் அதே மூவர்தான். அளவை மாற்றிக் கேட்க ஓர் ஆள் இல்லாததால் 435 சதுர அடிக்கு மேல் போயிற்று. பெரிய மனுஷர்மேல் முழுக் குற்றத்தையும் நாம் போடமாட்டோம். கேள்வி கேட்காமல் கும்பிட்ட குற்றம் நம்முடையது.

பெயரை மாற்றினால் அதிர்ஷ்டம் வரும் என்று எண் ஜோசியம் சொல்கிறவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். இலக்கங்களைக் கூட்டி ஓர் இலக்கமாக்கிப் பலன் சொல்லுகிறார்கள். இலக்கத்தைக் கூட்டுவதில் ஓர் உண்மை உண்டு; அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கூட்டி வந்தது 3-ஆல் போனால் அந்த எண்ணும் 3-ஆல் போகும், 9-க்கும் அப்படியே. 501-இன் இலக்கங்கள் கூடினால் 6. ஆகவே அதில் 3 உண்டு. அதோடு அதன் உபயோகம் சரி. ஜோசியர் கணக்கில் 101-ம் "இரண்டு", 1001-ம் "இரண்டு". இரண்டுக்கும் ஒரே பலன். ஆனால் 1001 என்பது 7 × 11 × 13, பங்காளிகள் 8. 101-க்கோ 2. தலையும் வாலும் வேறான இரண்டு மாடுகளுக்கு ஒரே சுழி சொல்கிறவனை நம்பிச் சந்தையில் மாடு வாங்குவீர்களா? 108 புண்ணிய எண் என்கிறார்கள். அதற்குள்ள 12 பங்காளிகள், அதைவிடச் சிறிய 60-க்கும் உண்டு. 72, 84, 90, 96-க்கும் உண்டு. அவற்றுக்கு ஏன் யாரும் தேங்காய் உடைப்பதில்லை?

பங்காளிக் கணக்கில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். ஏழைக் குடும்பம். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறிக் கல்லூரிப் படிப்பை இழந்தவர். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1915-இல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரையின் விஷயமே இதுதான்: தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகப் பங்காளிகள் உள்ள எண்கள் எவை? 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவை போகும். 60-க்கு 12 பங்காளிகள்; அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. 120-க்கு 16. இப்படிப்பட்ட எண்ணை உடைத்தால் 2-கள் 3-களைவிடக் குறையாது, 3-கள் 5-களைவிடக் குறையாது. கடைசிப் பகா எண் ஒரே தரந்தான் வரும், 4-க்கும் 36-க்கும் மட்டும் விலக்கு என்று நிரூபித்தார். 1916-இல் அந்த ஆராய்ச்சிக்காகவே அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். 1918-இல் ராயல் சொசைட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். 1920-இல் 32 வயதில் இறந்துபோனார்.

நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அவர் அட்டவணை போட்டார். கடைசி எண் 6,746,328,388,800. அதை உடைத்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080 பங்காளிகள். இட்லி வடைக் கணக்குத்தான்! ஆனால் அந்த அட்டவணையில் ஓரெண் விட்டுப்போயிற்று. கடைசி எண்ணிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டால் வரும் 293,318,625,600. அதற்கு 5,040 பங்காளிகள். பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

நாமக்கல் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்று ராமானுஜன் நம்பினார். அந்த நம்பிக்கை அவருடைய சொந்த விஷயம். இன்று மேடைக்கு மேடை அதையே பேசி, அவருடைய உழைப்பை அம்மனுக்குக் காணிக்கையாக்குகிறவர்களைத்தான் கேட்கிறோம்: சொன்னது தெய்வமானால் ஓரெண்ணைச் சொல்ல மறந்தது ஏன்? மனிதன் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மறுபடி எழுதிப் போட்ட கணக்கு அது. மனிதன் செய்ததால் ஒன்று தவறிற்று. மனிதர்கள் செய்ததால்தான் அது திருத்தவும் பட்டது. தவறு கண்டவரை யாரும் நாத்திகன் என்று கல்லெறியவில்லை. ராமானுஜனுடைய பெருமையும் ஒரு குன்றிமணி குறையவில்லை. அவருக்கு ஏழ்மை இருந்தது, ஆனால் பள்ளிக்கூடக் கதவு திறந்திருந்தது. கார் என்பவருடைய கணக்குத் திரட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. அந்தக் கதவும் அந்தப் புத்தகமும் கிடைக்காமல் மாடு மேய்க்கப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் வீணானார்களோ! அதற்கு எந்த விதியாலும் கணக்குப் போட முடியாது.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். இந்த விதி சுலபம். ஆனால் முதலில் எண்ணை உடைத்தாக வேண்டும். பெரிய எண்ணை உடைப்பது சுலபமல்ல. 1977-இல் மூன்று அறிஞர்கள் இந்தக் கஷ்டத்தையே பூட்டாக்கினார்கள். இன்று இணையத்தில் ரகசியத்தையும் பணத்தையும் காக்கிற பூட்டுகளில் அது ஒன்று. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்த 250 இலக்கமுள்ள ஓர் எண்ணை 2020-இல் ஏராளமான கணினிகளைக் கொண்டுதான் உடைத்தார்கள். அத்தனை பெரிய எண்ணுக்குப் பங்காளிகள் எத்தனை தெரியுமா? நான்கு, நம் 985-க்கு இருக்கிற அதே நான்கு! ஆள் பெரிசாய் இருப்பதால் உள்ளே நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. இது எண்ணுக்கு மட்டுமல்ல.

ஆகவே தோழர்களே! வீட்டுக்குப் போனதும் மொய் நோட்டையோ, வட்டிச் சீட்டையோ, பத்திரத்தையோ எடுத்து, அதில் உள்ள எண் ஒன்றை உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து உடைத்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். நாம் சொன்ன எண்களில் எதையும் நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். கரித்துண்டும் சுவரும் போதும், போட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுகிறோம். இனி எவனாவது "மிஞ்சினது சாமிக்கு" என்று சொன்னால் கும்பிடுவதற்கு முன், "எந்த அளவில் மிஞ்சிற்று?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.